அக்கா அழுத்தாத பட்டன்

"சாலாகி நில்ரோ" என்று அக்கா எலும்புக்கூடுகளை அதட்டிய அந்தப் பகல்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. அல்சூர் பக்கம் ஒரு மருத்துவமனையின் இரண்டாவது மாடி. ஆறு படுக்கைகள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் பீரோ உயரத்துக்கு ஒரு மெஷின், அதன் முகத்தில் மெதுவாகச் சுற்றும் ஒரு சக்கரம், அந்தச் சக்கரத்தின் வழியாகப் போய்த் திரும்பும் ரத்தக் குழாய். அக்காவின் இடது கை அசையாமல் ஒரு தலையணை மேல் கிடந்தது. அதில் இரண்டு ஊசிகள். வலது கையில் நான் கொடுத்த விளையாட்டுக் கருவியின் பாதி. ஆஸ்டின் டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினெட்டு வருஷம் பி.டி. டீச்சராக இருந்தவள் அவள். வெயிலில் நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்திய அதே குரலில், அதே கன்னடத்தில், திரையில் சிதறி ஓடிய எலும்புக்கூடுகளை வரிசையாக நிற்கச் சொன்னாள். பக்கத்துப் படுக்கைக்காரர் தலையைத் தூக்கிப் பார்த்தார். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. அவள் வேலையில் இருந்தாள்.

அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். மர்பி டவுனில் நாங்கள் பிறந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் கல்யாணமாகிப் போனாள். குழந்தை இல்லை. நாற்பத்தி மூன்று வயதில் கால் வீங்க ஆரம்பித்தது. ஷூவின் லேஸைத் தளர்த்திக் கட்டிக்கொண்டு மூன்று மாதம் அப்படியே மைதானத்தில் நின்றிருக்கிறாள். டாக்டரிடம் போனபோது இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய முடிந்துபோயிருந்தன. அதற்கப்புறம் செவ்வாய், வியாழன், சனி, பகல் பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை டயாலிசிஸ், அந்தப் படுக்கை. வியாழக்கிழமை மாமா, அதாவது அக்காவின் கணவர், லீவு போட்டுக்கொண்டு உட்காருவார். செவ்வாயும் சனியும் என் பங்கு. எனக்கு வைட்ஃபீல்டில் ஒரு மென்பொருள் கம்பெனியில் வேலை. செவ்வாய்க்கிழமைகளில் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன் என்று சொல்லிவிட்டு மெட்ரோ பிடித்து வந்துவிடுவேன்.

நாலு மணி நேரம் என்பது எவ்வளவு நீளம் என்று ஒருவர் பக்கத்தில் சும்மா உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். பேச்சு முதல் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடும். டிவியில் எப்போதும் ஏதோ ஒரு கன்னட சமையல் நிகழ்ச்சி ஓடும். ஒரு நாளைக்கு ஒரு லிட்டருக்குமேல் தண்ணீர் குடிக்கக்கூடாது என்று சொல்லப்பட்டவர்கள் ஆறு பேர் படுத்துக்கொண்டு, யாரோ ஒருவர் ரசம் கொதிக்க வைப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதைப் பார்க்கச் சகிக்காமல்தான் நான் என் கேம் கருவியைக் கொண்டுபோனேன். கையில் அடங்கும் திரை, அதன் இரண்டு பக்கமும் கழற்றி எடுக்கக்கூடிய கைப்பிடிகள். சாப்பாட்டு மேஜையைப் படுக்கைக்குக் குறுக்கே இழுத்து அதில் திரையை நிறுத்தினால் அக்காவுக்கு நன்றாகத் தெரியும்.

அதில் அப்போது நான் ஆடிக்கொண்டிருந்தது ஒரு சின்ன கேம். பெரிய கம்பெனி செய்தது அல்ல. மூன்று பேர் சேர்ந்து செய்தது என்று எங்கோ படித்தேன். ஒரு மந்திரக்காரி இருப்பாள். அவளிடம் ஆயுதம் கிடையாது. செத்துக் கிடப்பவர்களை எழுப்புவாள். எழுந்தவர்கள் எலும்புக்கூடுகளாக அவள் பின்னால் வருவார்கள், அவளுக்காகச் சண்டை போடுவார்கள். மந்திரக்காரி செத்தால் எல்லாம் போய்விடும், மறுபடி முதல் அறையிலிருந்து தொடங்க வேண்டும். அறைகள் ஒவ்வொரு முறையும் மாறியிருக்கும். போன ஆட்டத்திலிருந்து மிஞ்சுவது கொஞ்சூண்டு பலம் மட்டும்தான்.

"நல்லா இருக்குதே," என்றாள் அக்கா, நான் விளக்கியதும். "நான் செவ்வாக்கெழம வந்து பண்றதுதான இது."

அவளுக்கு ஒரு கை மட்டும் இருந்ததால் ஆட்டத்தை நாங்கள் பிரித்துக்கொண்டோம். இடது கைப்பிடி எனக்கு: மந்திரக்காரியை நடத்துவது என் வேலை. வலது கைப்பிடி அவளுக்கு: படையை ஏவும் பட்டன்கள் அதில் இருந்தன. ஒன்று பாயச் சொல்வது. ஒன்று திரும்பக் கூப்பிடுவது. அதை அழுத்தும்போதெல்லாம் "வாபஸ் பன்ரோ" என்பாள். மூன்றாவதாகச் சிவப்பாக ஒரு பட்டன். அதை அழுத்தினால் படையில் ஒரு எலும்புக்கூடு எரிந்து சாம்பலாகும், அதன் உயிர் மந்திரக்காரிக்கு வந்து சேரும். அக்கா அதை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொண்டாள். பிறகு அந்தப் பக்கம் அவள் கட்டைவிரல் போகவே இல்லை.

பள்ளிக்கூடப் பழக்கம் ஒன்று அவளிடம் கடைசிவரை இருந்தது. ஒவ்வோர் அறையைத் தாண்டியதும் என்னை நிற்கச் சொல்லிவிட்டுத் தலைகளை எண்ணுவாள். மைசூருக்குச் சுற்றுலா கூட்டிப்போன பஸ்ஸில் பிள்ளைகளை எண்ணுவதுபோல, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு. "பதினொண்ணு போச்சு, ஒம்போதுதான் வந்திருக்குது. நீ ஏன் அவ்ளோ சீக்கிரம் நடக்கற?" என்று என்னைத் திட்டுவாள். படை எத்தனை இருந்தாலென்ன, மந்திரக்காரி உயிரோடு இருந்தால் போதும், வழியில் புதிதாக எழுப்பிக்கொள்ளலாம், ஆட்டத்தின் சூட்சுமமே அதுதான் என்று நான் பலமுறை சொன்னேன். அவள் கேட்டுக்கொள்வாள். அடுத்த அறையில் மறுபடி எண்ணுவாள். இதனாலேயே நாங்கள் ஒருபோதும் ஜெயித்ததில்லை. மூன்றாவது தளத்தின் முடிவில் பாழடைந்த மண்டபம் ஒன்று வரும். அதில் ஒரு ராட்சதன் மணியடித்துக்கொண்டிருப்பான். அவன் ஒவ்வொரு முறை மணியை அடிக்கும்போதும் மந்திரக்காரியின் உயிர் ஒரு பங்கு குறையும். அங்கேதான் எப்போதும் சாவோம்.

பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், ஹாசன் பக்கத்துக்காரர். எங்கள் ஆட்டம் அவருக்கும் பொழுதுபோக்காகிவிட்டது. நாலு மணிக்கு ஊசியைப் பிடுங்கி, பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, "கெத்ரா மேடம்?" என்பார். ஜெயித்தாயிற்றா என்று. அக்கா உதட்டைப் பிதுக்குவாள். ஏதோ கிரிக்கெட் மாட்ச் போனதுபோல அவரும் தலையாட்டிக்கொண்டே எழுந்து எடை பார்க்கப் போவார். ஆடி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் இடத்தில் வேறு யாரோ ஒரு பெண் படுத்திருந்தாள். டெக்னீஷியனிடம் நாங்கள் எதுவும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஆட்டத்தைத் தொடங்கியபிறகு, திரையைப் பார்த்தபடியே, "ஒண்ணு கொறையுதுடா," என்றாள் அக்கா. திரையில் எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

சிவப்புப் பட்டனைப் பற்றி நாங்கள் ஒரே ஒரு முறைதான் சண்டை போட்டோம். மணியடிப்பவனின் மண்டபம். எங்களிடம் ஏழு எலும்புக்கூடுகள் மிஞ்சியிருந்தன, மந்திரக்காரியின் உயிர் நூலளவு. அவனும் கிட்டத்தட்ட முடிந்துவிட்டான். இன்னும் இரண்டு அடிதான்.

"அழுத்துக்கா. ஒண்ண எரிச்சா பொழச்சுக்குவோம்."

"வேணாம்."

"அக்கா, வெறும் எலும்புக்கூடு அது."

"எனக்காக எதுக்குடா அது எரியணும். அதான் ஒரு தடவ செத்துருச்சே."

மணி அடித்தது. செத்தோம். எனக்கு நிஜமாகவே எரிச்சலாக இருந்தது. முதல் அறையைத் தொடங்காமல் கொஞ்ச நேரம் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வலது கையை நீட்டி என் தோளை ஒரு தட்டு தட்டி, "சரி, வா, மொதல்லேருந்து," என்றாள்.

அதே சமயத்தில்தான் டாக்டர் மாற்றுச் சிறுநீரகம் பற்றிப் பேச ஆரம்பித்திருந்தார். மாமாவின் ரத்த வகை சேரவில்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. மிச்சம் நான். யாரும் என்னைக் கேட்கவில்லை; நானேதான் கொடுக்கிறேன் என்றேன். அதைச் சொன்னபோது அம்மா என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தமிட்டாள். ரத்தம், ஸ்கேன், ஒரு நாள் முழுக்கச் சேர்த்த சிறுநீர், மனநல மருத்துவரோடு அரைமணி நேரப் பேச்சு என்று இரண்டு மாதம் சோதனைகள் நடந்தன. எல்லாவற்றிலும் தேறினேன். கடைசியில் ஒரு ஃபைலைக் கொடுத்தார்கள். நானும் என் மனைவியும் கையெழுத்துப் போட்டு, ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்து ஆபீஸில் இருந்த ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்தால் கமிட்டிக்குப் போகும், அது தேதி கொடுக்கும்.

அந்த ஃபைல் என் ஆபீஸ் பையில் எட்டு மாதம் இருந்தது. என் மனைவி அப்போது நிறைமாதம். இப்படிச் சொன்னால் அவள்தான் தடுத்தாள் என்று தோன்றும். அது உண்மை இல்லை. "எங்க போடணும்னு காட்டுங்க, போட்டுத் தரேன்," என்றாள். நான் காட்டவில்லை. குழந்தை பிறக்கட்டும் என்றேன். பிறந்தது. ஆபீசில் பெரிய ரிலீஸ் ஒன்று முடியட்டும் என்றேன். முடிந்தது. பொங்கல் கழியட்டும் என்றேன். ஒருங்கிணைப்பாளர் ஒரு பெண்மணி, மிகவும் மரியாதையாகப் பேசுவார். அவர் எண் போனில் வந்தாலே போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். குளிக்கும்போது இடது விலா எலும்புக்குக் கீழே கையை வைத்துப் பார்ப்பேன். அங்கே கத்தி நுழைவதை நினைப்பேன். கொடுத்தவர்கள் எல்லோரும் ஒரே சிறுநீரகத்தோடு நன்றாக வாழ்கிறார்கள் என்று டாக்டர் சொன்னது நினைவில் இருக்கும். இருந்தும் கையைச் சட்டென்று எடுத்துவிடுவேன். எனக்குப் பயம். இதைவிடக் கௌரவமான காரணம் ஏதாவது கிடைக்குமா என்று நிறையத் தேடிவிட்டேன், கிடைக்கவில்லை.

இவ்வளவும் நடக்கும்போது செவ்வாய், சனி தவறாமல் போனேன். ஆட்டம் நிற்கவில்லை. அவள் ஃபைலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன், அல்லது அழுதிருப்பேன், ஏதோ ஒன்று முடிவாகியிருக்கும். அவள் எலும்புக்கூடுகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மூன்றாவது மணி நேரத்தில் அக்காவுக்குக் கால் இழுத்துக்கொள்ள ஆரம்பித்தது. உடம்பிலிருந்து தண்ணீரை வேகமாக எடுத்தால் அப்படி ஆகும். டெக்னீஷியன் கெண்டைக்காலை நீவிவிட்டார். வலி தணிந்ததும் அக்கா தன் கையிலிருந்த பாதியை என்னிடம் நீட்டினாள். "ரெண்டையும் நீயே வெச்சிக்க. நான் பாத்துட்டு இருக்கறேன்."

இரண்டு கையாலும் ஆடிப் பல மாதமாயிற்று. வேகமாகப் போனேன். எண்ணுவதற்கு எங்கும் நிற்கவில்லை. மணியடிப்பவனின் மண்டபத்துக்குள் ஆறு எலும்புக்கூடுகளோடு நுழைந்தேன். முதல் மணி அடித்ததும் என் கட்டைவிரல் தானாகச் சிவப்புப் பட்டனுக்குப் போனது. ஒன்று எரிந்தது. அடுத்த மணி, அடுத்தது. யோசிக்கவே இல்லை, ஆட்டம் அப்படி ஆடுவதற்காகத்தான் செய்யப்பட்டிருந்தது. ஒரு வருஷமாகச் சாய்க்க முடியாத ராட்சதன் இரண்டு நிமிஷத்தில் சாய்ந்தான்.

"அக்கா, ஜெயிச்சாச்சு," என்று திரும்பினேன்.

அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எத்தன மிச்சம்?"

"ஒண்ணு."

"ம்," என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லா ஆடறடா நீ," என்றாள். அந்தக் குரலில் குத்தல் எதுவும் இல்லை. இருந்திருக்கலாம் என்று இன்றுவரை அதைத் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்க்கிறேன். பாராட்டுத்தான். மைதானத்தில் ஓடி முடித்த பிள்ளையிடம் சொல்வதுபோல.

அதற்குப் பிறகு ஒருங்கிணைப்பாளரிடமிருந்து போன் வருவது நின்றுவிட்டது. ஒரு வாரம், ஒரு மாதம், இரண்டு மாதம். ஏன் என்று நான் விசாரிக்கவில்லை. கமிட்டி மாறியிருக்கும், ஆள் மாறியிருப்பார் என்று ஏதோ நினைத்துக்கொண்டேன். உண்மையில் எதையும் நினைக்காமலிருக்கவே விரும்பினேன். அந்த இரண்டு மாதமும் நன்றாகத் தூங்கினேன் என்பதையும் எழுதிவிட வேண்டும்.

வைகாசியில் ஒரு திங்கட்கிழமை அக்காவுக்குக் குளிர் காய்ச்சல். ஊசி போடும் இடத்தில் கிருமி புகுந்து ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். செவ்வாய்க்கிழமை நான் போனபோது அவள் ஐசியுவில் இருந்தாள். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். கருவி என் பையில் இருந்தது, பழக்க தோஷம். புதன்கிழமை காலை அவள் கண்விழித்துப் பேசுகிறாள் என்று மாமா சொன்னார். அதை நம்பி ஆபீசுக்குப் போனேன். பதினொரு மணி மீட்டிங்கில் இருந்தபோது மாமாவின் போன். "வந்துரு," என்றார். மெட்ரோவில் உட்கார இடம் இருந்தது, நான் நின்றுகொண்டே வந்தேன். அல்சூரில் இறங்கும்போதே தெரிந்துவிட்டது, மாமா ஸ்டேஷன் வாசலில் நின்றிருந்தார். ஆஸ்பத்திரியில் அவர் இருந்தாக வேண்டிய அவசியம் இனி இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியபின் அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்தார்கள். அம்மா அவர்களிடம் அழுதுகொண்டே சொன்னது என் காதில் விழுந்தது. "என் புள்ள குடுக்கறேன்னுதாம்மா நின்னான். டாக்டருதான் ஏதோ டெஸ்ட்டுல சேரலன்னு வேணாம்னுட்டாரு. இவளே வந்து சொன்னா எங்கிட்ட. அவன் மனசு ஒடைஞ்சிரும், அவங்கிட்ட இதப் பத்தி எதுவும் பேசாதீங்கன்னு சொன்னா." ஒரு பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, பாவம் என்பதுபோல் தலையை அசைத்தாள். போன்கள் ஏன் நின்றன என்று அப்போது புரிந்தது. தேறியதாக எழுதிய காகிதம், இரண்டு பேர் கையெழுத்துக்கும் இடம் காலியாக, உள்ளறையில் என் பைக்குள் இருந்தது.

பதினாறாம் நாள் முடிந்தபின் ஒருமுறை கருவியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மணியடிப்பவனுக்கு அப்பால் இன்னும் இரண்டு தளங்கள்தான் இருந்தன. சிவப்புப் பட்டனைப் பயன்படுத்துகிறவனுக்கு அவை பெரிய கஷ்டமில்லை. கடைசி அறையில் மந்திரக்காரி மட்டும் தனியாக நின்றாள், விடிகிற மாதிரி ஒரு வெளிச்சம் வந்தது, ஆட்டத்தைச் செய்த மூன்று பேரின் பெயர்கள் மேலே போயின. பிறகு திரை முதல் அறைக்குத் திரும்பியது. அந்த கேமை அழித்துவிட்டேன். ஜெயித்ததைச் சொல்ல எனக்கு யாரும் இல்லை. இருந்திருந்தாலும் எத்தனை மிச்சம் என்றுதான் கேட்டிருப்பாள்.

வருஷ திதிக்கு மர்பி டவுன் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். ஐயர் கிளம்பிய பிறகு, காக்கைக்குச் சோறு வைக்க நானும் மாமாவும் மொட்டைமாடிக்குப் போனோம். வெயில். காக்கை உடனே வரவில்லை. அந்தத் தெருவில் இப்போதெல்லாம் புறாக்கள்தான். ஒரு வருஷமாக ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எதுவும் வாயில் வரவில்லை. "மாமா, டெஸ்ட்டுல நான் தேறிட்டேன். டாக்டர் வேணாம்னு சொல்லல," என்றேன்.

அவர் சோற்றின் மேல் ஒட்டியிருந்த எள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியும் மச்சான்," என்றார். "நான்தான் அவகூடக் கீழ ஆபீஸுக்குப் போனேன். எனக்கு வேணாம், எங்க தம்பிக்கு இனிமே போன் பண்ணாதீங்கன்னு எழுதிக் குடுத்தா. நான் சண்ட போட்டேன். கேக்கல."

"எப்போ மாமா? மாசியிலயா? அந்த சனிக்கெழமைக்கி அப்புறமா?"

"நெனப்பில்ல," என்றார். பிறகு, "அதுல என்ன இருக்குது," என்றார்.

அவர் என்னை அடித்திருக்கலாம். மாடியில் யாரும் இல்லை. நான் அதற்காகத்தான் சொன்னேனோ என்னவோ. நான் கீழே இறங்கி அம்மாவிடமும் சொல்லப் போவதாகச் சொன்னபோதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அம்மாகிட்ட சொல்லாத. சொன்னா உனக்கு லேசாகும், அவங்களுக்கு என்னா ஆவும்? இருக்கறது ஒரு புள்ள. அவனாவது நல்லவனா இருந்துட்டுப் போவட்டும்."

காக்கை வந்ததா என்று கீழேயிருந்து யாரோ கேட்டார்கள். வந்துருச்சு என்று மாமா குரல் கொடுத்தார். வரவில்லை.

கீழே இலை போட்டிருந்தார்கள். ஓசூரிலிருந்து வந்திருந்த ஒரு சித்தி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு விஷயம் புதிது. அம்மா பரிமாறிக்கொண்டே அவளிடம் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள்: ரத்தம் எடுத்தது, ஸ்கேன் எடுத்தது, பச்சைக்குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்கு அலைந்தது, கடைசியில் டாக்டர் கைவிரித்தது. எதிர் வரிசையில் மாமா தலை குனிந்து சாம்பாரைப் பிசைந்துகொண்டிருந்தார். "அதுக்கெல்லாம் ஒரு மனசு வேணும்," என்றாள் சித்தி, என்னைப் பார்த்து. அம்மா என் இலையில், நான் கேட்காமலே, இன்னொரு வடையை வைத்தாள்.

சாப்பிட்டேன்.